படச் சுவர் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பின் அங்கத்தவர்களுக்கு,

படச் சுவர் வேலை முடிந்துவிட்டது. கடைசிச் சட்டத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் மாட்டினோம். கொழும்பிலிருக்கும் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரிப் பழைய மாணவர் நாங்கள் சிலர், மாதத்தில் ஒருநாள் கூடிக் கதைக்கிற இந்த ஒற்றை அறைக்கு, ஒரு சுவர் நிறைய நம் ஆட்களின் முகங்கள் வந்து சேர்ந்திருக்கின்றன. இதற்குப் போய் ‘திருப்பணி’ என்று பெயரா, கோயிலா கட்டினீர்கள் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ரசீதுப் புத்தகத்தில் முதல் நாளே அப்படி அச்சாகிவிட்டது, அப்புறம் மாற்றவில்லை.

கணக்கை முதலில் சொல்லிவிடுகிறோம். உங்களிடமிருந்து சேர்ந்தது 486,500 ரூபாய். மரமும் தச்சுக்கூலியும் 158,000. பழைய படங்களைத் துப்புரவாக்கி அச்சிட்டதும் விளக்கக் குறிப்புகளும் 121,400. கண்ணாடி 64,000, மின்வேலையும் விளக்கும் 73,250, ஏற்றியிறக்கியது, தேநீர், ஆணி என்று சில்லறையாக 18,600. ஆக 435,250 போக, கையிருப்பு 51,250. பற்றுச்சீட்டுகள் எல்லாம் அலுமாரியின் மேல்தட்டில் இருக்கின்றன. கண்ணாடிக்கு இவ்வளவா என்று கேட்பவர்களுக்கு: முதலில் போட்ட சாதாரணக் கண்ணாடியில் எதிர் யன்னல்தான் தெரிந்தது, படம் தெரியவில்லை. வெளிச்சம் தெறிக்காத கண்ணாடிக்கு மாற்ற வேண்டி வந்தது. அது எங்கள் பிழை, முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும்.

பணத்தைவிட நேரம் தின்றது, யாரை மாட்டுவது என்ற கேள்வி. கல்லூரி 1873இல் தொடங்கியது. இத்தனை வருடத்துக்கு ஒரு சுவர் எந்த மூலைக்கு? ‘அவர் இங்கே ஒரு வருடம் படித்தவராம்’ என்று வந்த பெயர்களே ஒரு கொப்பி நிறைந்தது. ‘ஆம்’ விகுதியோடு வந்த எதையும் எடுப்பதில்லை என்று முதல் கூட்டத்திலேயே தீர்மானித்தோம். சிலருக்கு மனவருத்தம். தெரியும்.

சுவாமி விபுலாநந்தரில் வாக்குவாதமே இல்லை என்று நினைத்தோம். அங்கேதான் முதல் வாக்குவாதம் வந்தது. சுவரின் இடப்பக்கம் மாணவர், வலப்பக்கம் ஆசிரியர் என்று பிரித்திருந்தோம். அவர் எந்தப் பக்கம்? 1892இல் காரைதீவில் மயில்வாகனனாகப் பிறந்து, கல்முனையில் மெதடிஸ்தப் பாடசாலையில் படித்துவிட்டு மிக்கேலுக்கு வந்தார். 1908இல், பதினாறு வயதில், கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியடைந்தார். பிறகு இதே கல்லூரியில் படிப்பித்தார். ஆகவே இரண்டு பக்கமும் உரிமை கேட்கலாம். யாழ்ப்பாணத்துப் பத்திரிசியார் கல்லூரிப் பழைய மாணவரான நண்பர் ஒருவர் இதைக் கேட்டுவிட்டு, “அவர் எங்களுக்கும் வாத்தியார்தான், மறந்துவிடாதீர்கள்” என்றார். உண்மைதான், 1917இல் அங்கே விஞ்ஞானம் படிப்பித்தார். விஞ்ஞான ஆசிரியராக இருந்தவர்தான் பின்னாளில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர், இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியர். யாழின் நரம்புக்கும் சுருதிக்கும் கணக்குப் போட்டு ‘யாழ் நூல்’ எழுதியதற்கு அந்த விஞ்ஞான மூளை உதவாமலா இருந்திருக்கும்? நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் திகதி அவர் காலமானார். கடைசியில் படத்தை இரண்டு பக்கத்துக்கும் நடுவில், கதவுக்கு நேரே மாட்டினோம். உள்ளே வருபவர் முதலில் பார்ப்பது காவி கட்டிய இராமகிருஷ்ண மிஷன் துறவியை. கத்தோலிக்கப் பாடசாலைக்காரரின் சுவரில் இது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அதைத் தனியாகக் குறித்துவைக்க வேண்டும் போலிருந்தது.

மாணவர் பக்கத்தில் அதிகம் பேர் நின்று பார்ப்பது பாலு மகேந்திராவின் படம். அமிர்தகழியில் பிறந்தவர். அவரும் மெதடிஸ்த மத்திய கல்லூரியில் படித்து, மிக்கேலிலும் படித்தவர். நம் சுவரின் இரண்டு பெரிய பெயர்களையும் மெதடிஸ்தக்காரரோடு பங்குபோட வேண்டியிருக்கிறது, என்ன செய்வது. இவருடைய குறிப்பில்தான் நாங்கள் கையைச் சுட்டுக்கொண்டோம். பாடசாலைச் சுற்றுலாவில், இங்கே கித்துள்கலையில் நடந்த ‘த பிரிட்ஜ் ஆன் த ரிவர் குவாய்’ ஆங்கிலப் படத்தின் படப்பிடிப்பைப் பார்த்ததுதான் அவரைச் சினிமாவுக்கு இழுத்தது என்பது பலரும் சொல்கிற கதை. அப்போது வயது பதின்மூன்று என்றும் சேர்த்துச் சொல்வார்கள். அப்படியே எழுதி அச்சிட்டும் விட்டோம். மாட்டுகிற அன்று ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த நம் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் மேலே பார்த்துக்கொண்டே, “1939இல் பிறந்த பிள்ளைக்குப் பதின்மூன்று வயது என்றால் 1952. அந்தப் படம் வந்தது 57இல். கித்துள்கலையில் அஞ்சு வருசமா எடுத்தவங்க?” என்றார். ஏணியில் நின்றவர் சட்டத்தோடு கீழே இறங்கினார். படப்பிடிப்பு நடந்தது 1956, 57இல். பையனுக்குப் பதினேழு நடந்திருக்கும். வயதை எடுத்துவிட்டுக் குறிப்பை மறுபடி அச்சிட்டோம். அந்தச் செலவு மேலே உள்ள கணக்கில் இல்லை, குழுவினர் கையிலிருந்து போட்டோம். அதற்குப் பிறகு எல்லாக் குறிப்பையும் அவரிடம் கொடுத்துக் கூட்டிக் கழிக்கவைத்தே அச்சுக்குக் கொடுத்தோம். புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவுக்குப் பெற்ற தங்கப் பதக்கம் 1969, காலமானது 2014. இவை கணித ஆசிரியரின் கையொப்பத்தோடு நிற்பவை.

ஆசிரியர் பக்கம்தான், எங்களைக் கேட்டால், இந்தச் சுவரின் உயிர். மாணவர் வெளியே போய்ப் பெயரெடுத்தார்கள். இவர்கள் எங்கிருந்தோ வந்து இங்கேயே இருந்துவிட்டார்கள். 1895 முதல் மட்டக்களப்புப் பகுதி இயேசு சபையாரிடம் இருந்தது. முதலில் ஐரோப்பியக் குருமார், 1940களின் பிற்பகுதியில் அதே சபையின் அமெரிக்கப் பிரிவான நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்தவர். இந்த அமெரிக்கர்களோடுதான் கூடைப்பந்து நம் இரத்தத்தில் ஊறியது. வெபர் பாதரைப் பற்றி நீண்ட குறிப்பு தேவைப்படவில்லை. மட்டக்களப்பில் ஓட்டோவில் ஏறி ‘வெபர்’ என்றால் அவர் பெயர் தாங்கிய மைதானத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுவார்கள். மில்லர் பாதர் 1948இல் வந்தவர். போர்க்காலத்தில் காணாமற்போனோரின் பெயர்களை ஒவ்வொன்றாக எழுதி வைத்தவர். 2019 புத்தாண்டு தினத்தில் கண்மூடும்போது வயது 93.

ஹீபர்ட் பாதரின் சட்டத்தில் மூன்று கூட்டங்கள் போயின. எல்லாச் சட்டத்திலும் பெயருக்குக் கீழே பிறந்த ஆண்டு, ஒரு கோடு, மறைந்த ஆண்டு. இவருக்கு 1923 என்று எழுதி, கோடு போட்டு, அதற்குப் பிறகு என்ன எழுதுவது? லூசியானாவில் பிறந்து, நம் பிள்ளைகளைப் பந்தோடு ஓடவைத்து, நாடறிந்த அணிகளை உருவாக்கிய மனிதர். 15.08.1990 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் தன் ஸ்கூட்டரில் புறப்பட்டார். பின்னால் ஒரு தமிழ் இளைஞர். இருவரும் வந்து சேரவில்லை. ‘1990’ என்று போட்டால் போதும் என்றார் ஒருவர். அவரிடம் விளையாடிய அங்கத்தவர் ஒருவர், “மரணச் சான்றிதழை நாங்களா எழுதுவது?” என்று கேட்டார். அதன்பின் யாரும் பேசவில்லை. கோட்டுக்குப் பிறகு வெறுமையாக விட்டோம். கீழே, புறப்பட்ட இடமும் திகதியும் மட்டும். கூடப்போன இளைஞரின் பெயரும் அதே சட்டத்தில், அதே அளவு எழுத்தில் இருக்கிறது. அவர் பிரபலமானவர் இல்லையே என்று யாரும் கேட்கவில்லை.

மின்வேலை, வெள்ளையடிப்பு பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஒழுங்காக நடந்தது. மேற்கு மூலையில் மழைக்குச் சுவர் கொஞ்சம் ஊறுகிறது, அந்த இடத்தில் படம் மாட்டவில்லை. வீட்டுக்காரரிடம் சொல்லியிருக்கிறோம்.

கையிருப்பை எதற்குப் பாவிப்பது என்று அடுத்த கூட்டத்தில் தீர்மானிக்கலாம். எங்கள் யோசனை இது. தச்சரிடம் இரண்டு சட்டம் கூடுதலாகச் செய்வித்தோம், அவை வெறுமையாகவே தொங்குகின்றன. ஒன்றுக்குப் படம் கிடைத்திருக்கிறது. ஒரு பழைய கூடைப்பந்து அணிப் படம். வரிசையின் ஓரத்தில், வெள்ளைச் சாரமும் கையில் காற்றடிக்கிற பம்புமாக ஒருவர் நிற்கிறார். வீரர்களின் பெயர்கள் எல்லாம் கீழே அச்சாகியிருக்கின்றன, இவருடையது மட்டும் இல்லை. மணியடித்தவர் என்கிறார் ஒருவர், மைதானத்துக்குக் கோடு போட்டவர் என்கிறார் இன்னொருவர். படத்தின் பிரதி மேசை மேல் இருக்கிறது. சனி, ஞாயிறு நான்கு மணிக்குப் பிறகு அறை திறந்திருக்கும். மூத்த அங்கத்தவர்கள் மூக்குக்கண்ணாடியோடு வந்து ஒருதரம் பார்க்க வேண்டும்.

இப்படிக்கு,
படச் சுவர் திருப்பணிக் குழு