திரும்பி வர வழியில்லாத நண்டு

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குத் தஞ்சாவூரிலேயே வேலை கிடைத்ததில் மிக்க மகிழ்ச்சி. இங்கே எல்லாரும் நலம். அவருக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை.

இங்கே சிங்கப்பூரிலேயே பாசிர் ரிசுக்கு வீடு மாறியதை எழுதியிருந்தேன் அல்லவா? சென்ற வாரம் எதிர் புளோக்கின் தாழ்வாரக் கம்பியில் ஓர் இருவாச்சி வந்து உட்கார்ந்தது. கரிய உடல், வெள்ளை வயிறு, மஞ்சள் அலகின்மேல் இன்னோர் அலகைக் கவிழ்த்து வைத்ததுபோலப் புடைப்பு. பழத்தை அலகு நுனியில் பிடித்து, தலையை நிமிர்த்தி மேலே எற்றி, அப்படியே தொண்டைக்குள் வாங்கிக்கொண்டது. அடுப்பில் பால் பொங்குவதைக்கூட மறந்து நின்றேன்.

நாம் சேர்ந்து படித்த காலத்தில் இங்கே இந்தப் பறவையைப் பார்த்ததே இல்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே தீவைவிட்டு அற்றுப்போனது, 1994இல் பக்கத்துக் குட்டித் தீவான புலாவ் உபினில் மறுபடி தென்பட்டது. பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து வாசலை அடைத்துக்கொள்ளும். ஆண் ஓர் இடுக்கு வழியாக இரை ஊட்டும். அப்படிப்பட்ட பொந்துள்ள பெருமரங்கள் போதாததால் மரங்களில் கூட்டுப்பெட்டிகளைப் பொருத்தினார்கள். இன்று நூற்றுக்கும் மேற்பட்டவை இருக்கின்றன.

ஒன்றை யோசித்துப் பார். இருவாச்சிக்குப் பக்கத்து மலேசியாவின் ஜொகூர்க் காடுகள் இருந்தன, அதனால் திரும்ப முடிந்தது. உலகில் இந்தத் தீவைத் தவிர வேறெங்குமே இல்லாத ஓர் உயிருக்கு அந்த வழி ஏது?

அப்படி ஒரு நண்டு இங்கே இருக்கிறது. சிங்கப்பூர் நன்னீர் நண்டு என்பார்கள். ஓடு மூன்று சென்டிமீட்டர் அகலம் இருந்தால் அதிகம். தனி இனம் என்று 1986இல்தான் அறிவித்தார்கள். குன்றுகளிலிருந்து இறங்கும் ஆழமில்லாத ஓடைகளில், கல்லுக்கும் இலைச்சருகுக்கும் அடியில் பகலெல்லாம் பதுங்கி, இரவில் இரை தேடும். கடல் நண்டின் குஞ்சுகள் நீரோட்டத்தில் மிதந்து தொலைதூரம் போகும். இதன் முட்டைகள் தாயின் வயிற்றடியிலேயே பொரிந்து, குட்டி நண்டாகவே வெளிவரும். அதனால் ஓர் ஓடை கெட்டால் அடுத்த ஓடைக்குப் போவதுகூட அதற்கு எளிதல்ல. புக்கிட் தீமா குன்றின் இயற்கைக் காப்பகத்தில் அது அருகிப்போனதற்கு ஓடை நீரில் அமிலத்தன்மை கூடியது காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். தேசியப் பூங்காக் கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அதைக் காக்க முயல்கின்றன, இனப்பெருக்கம் செய்வித்தும் பார்க்கின்றன. இது எனக்குப் பெரிய ஆறுதல்.

நான் அந்த நண்டைக் கண்டதில்லை. காணவேண்டும் என்று ஓடையில் இறங்கிக் கல்லைப் புரட்டவும் மாட்டேன், பேரன் கேட்டாலும் விடமாட்டேன். இங்கே மட்டுமே வளரும் ஓர் இஞ்சி இனமும் உண்டு. அதற்குப் பெயர் வைத்ததே 2014இல்தான். இத்தனை அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னும் புதிதாகச் செடி கண்டுபிடிக்கிறார்கள் என்பதை என்னால் இப்போதும் நம்ப முடியவில்லை!

டிசம்பரில் வருவதாக எழுதியிருக்கிறாய். மழைக்காலம், குடையும் வழுக்காத செருப்பும் கொண்டு வா. புக்கிட் தீமா உச்சி 163 மீட்டர்தான், மெதுவாக ஏறிவிடலாம். டிக்கெட் போட்டதும் தேதியை எழுது.

அன்புடன்,
வசந்தா