செயலாளர் ஆண்டறிக்கை: ஒன்றைச் சேர்த்தால் ஒன்றை எடுக்க வேண்டும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, சந்தா கட்டியும் இன்னும் கட்டாமலும் வந்திருக்கும் இசை அன்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் இசை கேட்போர் சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளை இப்பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். உறுப்பினர் எண்ணிக்கையில் பெரிய மாற்றமில்லை. விலகியவர்கள் அளவுக்குப் புதியவர்கள் சேர்ந்தார்கள். கூட்டங்கள் வழக்கம்போல மாதத்தின் இரண்டாம் ஞாயிறு மாலை நடந்தன. ஆம்ப்ளிஃபயர் பழுதானபோது ஒரு கூட்டத்தைத் தள்ளிப்போட நேர்ந்தது. அதைச் சரிசெய்து தந்த உறுப்பினர் கூலி வாங்க மறுத்துவிட்டார், அவருக்கு நன்றி. மாடிக் கூடத்தின் மின்விசிறி பற்றிய புகார்கள் வந்து சேர்ந்தன. கவனத்தில் உள்ளது.

இனி ஆண்டின் முக்கிய வேலை. 2024 நவம்பர் 3 அன்று இசைத் தயாரிப்பாளர் க்வின்சி ஜோன்ஸ் தமது 91ஆம் வயதில் மறைந்தார். நாம் நடத்திய அஞ்சலிக் கூட்டத்தில், அவர் தயாரித்த மைக்கேல் ஜாக்சனின் ‘த்ரில்லர்’ ஆல்பம் முழுவதையும் ஓடவிட்டோம். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: “எல்லாம் சரி, அந்த மெக்கார்ட்னி பாட்டு மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்!” அஞ்சலி அதோடு விவாதமாகிவிட்டது. மைக்கேல் ஜாக்சனின் ஆல்பங்களில் எந்தப் பாட்டு இருந்திருக்க வேண்டும், எது இருந்திருக்கக் கூடாது என்பதையே ஆண்டு முழுவதற்குமான தலைப்பாக வைத்துக்கொள்ளலாம் என்று அன்றே முடிவானது. “இளையராஜா இருக்க இதெல்லாம் எதற்கு?” என்று எதிர்த்த மூத்த உறுப்பினர் ஐயா, அதற்குப் பிறகு ஒரு கூட்டத்தையும் தவறவிடவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

முதல் கூட்டம் உருப்படவில்லை. ஆளுக்கொரு பட்டியலோடு வந்தார்கள், எல்லாப் பட்டியலும் நீளமாக இருந்தது. வெளிவராத பாட்டு, பாதியில் விட்ட பாட்டு, பிற்பாடு கிடைத்த ஒத்திகைப் பதிவு என்று எல்லோரும் சேர்த்துக்கொண்டே போனார்களே தவிர, எடுக்க ஒருவருக்கும் மனம் வரவில்லை. கல்லூரி மாணவர் ஒருவரின் ‘த்ரில்லர்’ ஒரு முழு சினிமா நேரத்துக்கு ஓடும் போலிருந்தது. அதனால் அடுத்த கூட்டத்தில் ஒரு விதி கொண்டுவந்தோம். ஒன்றைச் சேர்ப்பவர் எதை எடுக்கிறார் என்றும் அதே மூச்சில் சொல்ல வேண்டும். அந்தக் காலத்து எல்.பி. இசைத்தட்டின் ஒரு பக்கத்துக்கு 22 நிமிடத்துக்கு மேல் போகக் கூடாது.

இந்த 22 நிமிடக் கணக்கு இளையவர்களுக்குப் புதிராக இருந்ததால் கொஞ்சம் விளக்க வேண்டியதாயிற்று. ஊசி ஓடும் பள்ளம் தட்டின் விளிம்பிலிருந்து நடுவரை ஒரே சுருளாகச் செல்கிறது. சத்தமும் தாழ்ந்த பேஸ் ஒலியும் கூடினால் பள்ளம் அகலமாக அலையும், இடம் அதிகம் பிடிக்கும். ஒரு பக்கத்தில் நிறைய நிமிடங்களைத் திணித்தால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். அதற்கு ஒலியின் அளவையும் பேஸையும் குறைத்தாக வேண்டும். 1982 இலையுதிர் காலத்தில் லாஸ் ஏஞ்சலஸில் இதுதான் நடந்தது. வெஸ்ட்லேக் ஸ்டூடியோவில் வேலை முடிந்துவிட்டதென்று நினைத்து உட்கார்ந்து கேட்டபோது ‘த்ரில்லர்’ சப்பென்று இருந்தது. பக்கங்கள் நீளமாகிவிட்டிருந்தன. மைக்கேல் கண்கலங்கினார். பிறகு பாட்டுகளைக் குறுக்கி, ஒவ்வொன்றாக எடுத்துத் திரும்ப மிக்ஸ் செய்தார்கள். ராட் டெம்பர்ட்டன் எழுதிய ‘தி லேடி இன் மை லைஃப்’ ஒரு சரணத்தை இழந்தது. ‘பில்லி ஜீன்’ பாட்டின் நீண்ட முன்னிசையையும் வெட்டச் சொன்னார் க்வின்சி. அதுதான் என்னை ஆட வைக்கிறது என்று மைக்கேல் மறுத்துவிட, அது பிழைத்தது. கடைசியில் முதல் பக்கம் சுமார் 20 நிமிடம், இரண்டாம் பக்கம் சுமார் 22, மொத்தம் ஒன்பது பாட்டு. பரிசீலனைக்கு வந்தவை முப்பது அளவில் இருக்கும் என்கிறார்கள்.

விதி வந்த பிறகுதான் விவாதம் சூடுபிடித்தது. மிக அதிகமாகத் தாக்கப்பட்டது எதிர்பார்த்தபடி ‘தி கேர்ள் இஸ் மைன்’. பீட்டில்ஸ் குழுவில் இருந்த பால் மெக்கார்ட்னியும் மைக்கேலும் ஒரு பெண்ணுக்காகச் செல்லமாகச் சண்டை போடும் அந்தப் பாட்டு, பக்கத்தில் இருக்கும் ‘த்ரில்லர்’, ‘பீட் இட்’ முன்னால் நோஞ்சானாகத் தெரிகிறது என்பது ஒரு கட்சி. ஆல்பத்திலிருந்து முதலில் சிங்கிளாக, அதாவது தனிப் பாட்டாக, வெளிவந்தது இதுதான், அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை போனது, வெள்ளையர் வானொலிகளின் கதவைத் தட்டியது இதுதான் என்பது எதிர்க்கட்சி. கதவைத் தட்டியதற்காக உள்ளே நிரந்தர இடம் தர வேண்டுமா என்று வங்கியில் ஓய்வுபெற்ற உறுப்பினர் அம்மா கேட்டார். அதற்குச் சரியான பதில் வரவில்லை. இருந்தும் வாக்கெடுப்பில் பாட்டு நூலிழையில் தப்பியது. அதற்குப் பதிலாக எதை வைப்பது என்பதில் எதிர்த்தவர்களே பிரிந்துபோனதுதான் காரணம்.

மாற்றாக வந்தவற்றில் பலமானது ‘கரோசல்’. மைக்கேல் செம்பெல்லோவும் டான் ஃப்ரீமனும் எழுதிய பாட்டு. சர்க்கஸ் பெண் மீதான காதல், ராட்டினம்போல் சுழலும் மெட்டு. 1982இல் இது ஏறக்குறைய உள்ளே இருந்தது. ‘ஹ்யூமன் நேச்சர்’ வந்து இதை வெளியே தள்ளியது. ஆல்பத்தின் 2001 சிறப்புப் பதிப்பில் துண்டாகத்தான் கேட்கக் கிடைத்தது. பிற்பாடு கிடைத்த முழுப் பதிவைக் கேட்டதும் நம் உறுப்பினர்களில் சிலர் கட்சி மாறினார்கள்.

‘ஹ்யூமன் நேச்சர்’ உள்ளே வந்த கதையை நம் கூட்டத்தில் மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். உறுதியான பகுதி இது. டோட்டோ என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் டேவிட் பெய்ச் தம் பாட்டுகளை ஒரு கேசட்டில் பதிந்து க்வின்சிக்கு அனுப்புகிறார். அதன் மறுபக்கத்தில் அதே குழுவின் ஸ்டீவ் போர்க்காரோ அரைகுறையாகப் பாடி வைத்த ஒரு மெட்டு கிடக்கிறது. அனுப்பிய பாட்டுகள் முடிந்தும் கேசட் ஓடிக்கொண்டே இருக்க, க்வின்சியின் காதைப் பிடித்தது அந்த மறுபக்க மெட்டு. பள்ளிக்கூடத்தில் நடந்த ஒரு சம்பவத்தால் அழுதுகொண்டு வந்த தம் மகளைப் போர்க்காரோ தேற்றும்போது பிறந்ததாம் அது. ஜான் பெட்டிஸ் வரிகளை எழுதிக் கொடுக்க, கடைசி நேரத்தில் ஆல்பத்தில் ஏறியது. நாலு பாட்டை எடுத்துவிட்டு ‘பீட் இட்’, ‘ஹ்யூமன் நேச்சர்’, ‘பி.ஒய்.டி.’, ‘தி லேடி இன் மை லைஃப்’ ஆகியவற்றை வைத்ததாக க்வின்சி சொல்லியிருக்கிறார். அந்த நாலும் இல்லாத ‘த்ரில்லர்’ எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தால் எனக்குக் குலை நடுங்குகிறது.

என் சொந்தக் கருத்தை அறிக்கையில் எழுதக் கூடாது என்று தலைவர் சொல்லியிருக்கிறார். இந்த ஓர் இடத்தில் மட்டும் மீறுகிறேன். அந்த ஒன்பதில் ஏழு சிங்கிளாக வந்து ஏழுமே அமெரிக்காவின் முதல் பத்தில் நின்றன. மிச்சம் இரண்டு, ‘பேபி பி மைன்’னும் ‘தி லேடி இன் மை லைஃப்’பும். “சிங்கிளாக வராதது ஆல்பத்தில் எதற்கு?” என்று எளிதாகக் கேட்டுவிடுகிறோம். ஆறு நிமிட ஆர்ப்பாட்டத்தோடு தொடங்கும் முதல் பாட்டுக்கும் மெக்கார்ட்னியின் பேச்சுக்கும் நடுவே ‘பேபி பி மைன்’ தரும் இடைவெளியை எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் மோதிக்கொள்ளும். நல்ல பாட்டு என்பது வேறு, இந்த ஆல்பத்தின் பாட்டு என்பது வேறு. ஆண்டு முழுக்க நாம் போட்ட சண்டைகளில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டதால் வந்தவை என்பது செயலாளரின் தாழ்மையான அபிப்பிராயம்.

பாட்டின் தரமே காரணமில்லாமல் வெளியே நின்றதும் உண்டு. ஜப்பானின் யெல்லோ மேஜிக் ஆர்கெஸ்ட்ராவின் 1979 ஆல்பத்தில் வந்த ‘பிஹைண்ட் தி மாஸ்க்’ பாட்டுக்கு மைக்கேல் கூடுதல் வரிகள் எழுதிப் பாடியும் வைத்தார். யாருக்கு எவ்வளவு ராயல்டி என்பதில் இணக்கம் வரவில்லை, அலமாரிக்குப் போனது. 1986இல் எரிக் கிளாப்டன் பாடி வெளியிட்டார். மைக்கேலின் குரலில் அது வெளிவர 2010 ஆனது, அவர் இறந்த பிறகு. இதைச் சேர்க்க வந்த தீர்மானம் கரவொலியோடு நிறைவேறியிருக்கும். எடுக்க வேண்டிய பாட்டாக முன்மொழிந்தவர் ‘பி.ஒய்.டி.’யைச் சொன்னதில் கெட்டது.

அடுத்து ‘பேட்’, 1987. இங்கே சண்டை வேறு மாதிரி. மைக்கேல் ஏராளமாகப் பதிந்து வைத்திருந்தார், மூன்று தட்டுகளாகவே போடலாம் என்று ஆசைப்பட்டார். க்வின்சிதான் ஒரே தட்டுக்குச் சுருக்க வைத்தார். கடைசி இடத்துக்கு ‘ஸ்ட்ரீட்வாக்கர்’ வேண்டும் என்றார் மைக்கேல். ‘அனதர் பார்ட் ஆஃப் மி’ என்றார் க்வின்சி. இரண்டையும் போட்டுக் காட்டியபோது மேலாளர் ஃப்ராங்க் டிலியோ இரண்டாவதற்கு எழுந்து ஆடினார், விவகாரம் தீர்ந்தது. பருத்த உடம்போடு சுருட்டு பிடித்துத் திரிந்த அந்த மனிதரின் இடுப்பசைவில் ஒரு பாட்டின் தலையெழுத்து முடிவானதை நம் உறுப்பினர்கள் வெகுவாக ரசித்தார்கள்.

ஸ்டீவி வொண்டரோடு சேர்ந்து பாடிய ‘ஜஸ்ட் குட் ஃப்ரெண்ட்ஸ்’ஸை எடுத்துவிட்டு அங்கே ‘ஸ்ட்ரீட்வாக்கர்’ என்று ஒரு தீர்மானம் வந்தது. இரண்டு மேதைகள் சேர்ந்தும் தேறாத பாட்டு அது என்பதில் அபூர்வமாக எல்லோரும் ஒத்துப்போனோம். ஆனால் அது நாலு நிமிடச் சொச்சம். ‘ஸ்ட்ரீட்வாக்கர்’ ஆறு நிமிடத்தைத் தொடப் பார்க்கும். விதி குறுக்கே நின்றது. விதியைத் திருத்த வேண்டும் என்று கூச்சல் எழுந்தது, திருத்தவில்லை.

‘லீவ் மி அலோன்’ விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஆல்பமே வேறாக இருந்தது தெரியவந்தது. எல்.பி.யிலும் கேசட்டிலும் பத்துப் பாட்டு, சி.டி.யில் மட்டும் பதினொன்றாவதாக இது. கேசட்டில் தேய்த்துக் கேட்டு வளர்ந்த அண்ணன்மாருக்கு இது ‘பேட்’ ஆல்பத்தின் பாட்டே இல்லை. சி.டி. தலைமுறைக்கு இது இல்லாமல் ஆல்பம் முடிவதே இல்லை. கேசட்டில் உண்டு படத்தில் இல்லை என்ற நம் ஊர்ப் பஞ்சாயத்தில் பழகியவர்கள் என்பதால் இதை நாம் வெகுசீக்கிரம் புரிந்துகொண்டோம். தீர்ப்புதான் சொல்ல முடியவில்லை.

‘டேஞ்சரஸ்’ வந்த 1991க்குள் சி.டி. வந்துவிட்டது, க்வின்சியும் மைக்கேலும் பிரிந்துவிட்டார்கள். தயாரிப்பாளர் டெடி ரைலியின் தாளக்கட்டோடு பதினாலு பாட்டு, 77 நிமிடம். தட்டு தடுக்கவில்லை, ஆளும் தடுக்கவில்லை. முதல் பாதியில் ஒரே வார்ப்பில் வரும் ரைலி பாட்டுகளில் இரண்டை எடுக்கலாம் என்று பெரும்பான்மை கருதியது. எந்த இரண்டு என்பதற்கு மட்டும் இரண்டு கூட்டம் ஆனது. ‘கான்ட் லெட் ஹெர் கெட் அவே’ ஒன்று என்பது மட்டும் உறுதியானது. அந்தக் காலத்திலேயே தொடங்கப்பட்ட ‘எர்த் சாங்’கை அந்த இடத்தில் வைக்கலாம் என்று பலமான வாதம் வந்தது. 1995 வரை காத்திருந்து ‘ஹிஸ்டரி’ ஆல்பத்தில் வந்ததால்தான் அது அவ்வளவு பெரிதாக வளர்ந்தது, அந்த டிசம்பரில் பிரிட்டனில் முதலிடம் பிடித்தது என்று பதில் வந்தது. பதில் சொன்னவருக்கு வயது பத்தொன்பது. அவரை அடுத்த செயற்குழுவுக்குப் பரிந்துரைக்கிறேன்.

2001இன் ‘இன்வின்சிபிள்’ பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பதினாறு பாட்டில் எட்டு போதும் என்று அரை மணி நேரத்தில் முடிந்தது.

2010 டிசம்பரில் வெளிவந்த ‘மைக்கேல்’ ஆல்பத்தை எடுத்தபோது கூடத்தில் சிரிப்பு நின்றது. அதில் ‘பிரேக்கிங் நியூஸ்’, ‘மான்ஸ்டர்’, ‘கீப் யுவர் ஹெட் அப்’ ஆகிய மூன்றிலும் பாடுவது மைக்கேல்தானா என்று ரசிகர்கள் ஆரம்பத்திலிருந்தே சந்தேகப்பட்டார்கள். 2014இல் ஒரு ரசிகை கலிஃபோர்னியாவில் வழக்கே போட்டார். 2022இல் அந்த மூன்று பாட்டும் ஸ்ட்ரீமிங் தளங்களிலிருந்து எடுக்கப்பட்டன. குரல் யாருடையது என்று நாம் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரு பாட்டுக்கு இடம் உண்டா என்று பேசும் முன், பாடியவர் யார் என்பதில் சந்தேகம் இருக்கக் கூடாது என்று மட்டும் தீர்மானித்து, அந்த ஆல்பத்தை நம் கணக்கிலிருந்து விலக்கினோம். அவர் கையால் முடித்து ஒப்புதல் தராத பாட்டு எதுவுமே வேண்டாம் என்று ஒரு திருத்தம் வந்தது. அப்படியானால் ‘கரோசல்’லும் போய்விடும் என்றதும் வாபஸ் வாங்கப்பட்டது.

1999இல் மியூனிக் நகரில் மைக்கேல் நடத்திய கச்சேரியில் ஏ.ஆர். ரஹ்மானின் ‘ஏகம் சத்யம்’ இசைக்கப்பட்டதையும், பிரபுதேவா, ஷோபனா குழுவினர் அங்கே ஆடியதையும் சொல்லி, அதை ஏதாவதொரு ஆல்பத்தில் சேர்த்தே தீர வேண்டும் என்று ஓர் உறுப்பினர் மனுக் கொடுத்தார். எதை எடுப்பது என்ற பத்தியை வெறுமையாக விட்டிருந்தார். மனு நிலுவையில் உள்ளது.

செயற்குழு இப்பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு வைப்பவை: 22 நிமிட விதி வரும் ஆண்டும் தொடரும். அடுத்த ஆண்டுக்கு அமெரிக்கப் பாடகர் ப்ரின்ஸ், இளையராஜாவின் திரைப்படம் சாராத தட்டுகள் என இரண்டு தலைப்புகள் முன்மொழியப்பட்டுள்ளன, இன்றே வாக்கெடுப்பு. இரவல் போன இசைத்தட்டுகளைச் சித்திரைக்குள் திருப்பித் தர வேண்டும், குறிப்பாக ‘ஆஃப் தி வால்’. அது யாரிடம் இருக்கிறது என்பது செயலாளருக்குத் தெரியும், பெயரைச் சொல்லவில்லை. மாடி மின்விசிறிக்கு நிதி ஒதுக்கப் பொருளாளர் தலையசைத்துவிட்டார்.

தேநீரும் சுண்டலும் தந்து உதவிய அனைவருக்கும் நன்றி கூறி, இவ்வறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்