நான் பெயர் கேட்காமல் விட்ட அக்காவுக்கு நன்றி

வசதியில்லாத மாணவர்களைக் கல்லூரியில் படிக்க வைக்கும் அகரம் அறக்கட்டளையின் ‘விதை’ திட்டத்துக்கு விண்ணப்பித்திருந்தேன். எங்கள் வீட்டு நிலைமையைப் பார்க்க வந்த தன்னார்வலர் அக்கா, அம்மாவோடு தரையிலேயே உட்கார்ந்து பேசினார். அம்மா போட்ட கடுங்காப்பியில் சர்க்கரை அதிகம், பாவம், முழுசாகக் குடித்தார். முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினால் பொறியியல் கலந்தாய்வில் கல்விக் கட்டணச் சலுகை உண்டு என்பதே அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். மறுநாளே அப்பா இ-சேவை மையத்துக்கு ஓடினார்.

கிளம்பும்போது, “அரியர் விழுந்தா படிப்பை விட்டுடாதே, எனக்கே மூணு இருந்துச்சு” என்றார். முதல் செமஸ்டரிலேயே கணக்கில் விழுந்தது. மூட்டை கட்டி ஊருக்குக் கிளம்பிவிட்டேன். பேருந்து நிலையத்தில் அந்த வார்த்தை ஞாபகம் வந்தது, சரி என்று விடுதிக்கே திரும்பினேன்.

போன மாதம் பட்டம் வாங்கிவிட்டேன் அக்கா. ஒரு நடை வீட்டுக்கு வாங்க, சர்க்கரையைக் குறைக்கச் சொல்கிறேன்.