வீணாய்ப்போன செம்புக் குழாய்களுக்கு நன்றி

சிங்கப்பூர்த் தொழில்நுட்பக் கல்விக் கழக (ஐடிஇ) ஆசிரியர்களுக்கும் பட்டறை ஊழியர்களுக்கும், பெயர் தெரிந்தும் தெரியாமலும் எனக்குக் கைகொடுத்த எல்லாருக்கும் வணக்கம்.

போன மாதம் அக்கா மகனோடு கழகத்தின் சீமெய் வளாகத்துக்குப் போயிருந்தேன். புதிதாகச் சேர நினைப்பவர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டினார்கள். நடுவில் நின்று, "மாமா, நீங்களும் இங்கதான் படிச்சீங்களா?" என்றான். நான் சேர்ந்த 1998இல் சீமெய் வளாகமே கிடையாது. தீவெங்கும் சிதறிக் கிடந்த சின்ன வளாகங்களில் ஒன்றில்தான் ஏர்கான் வேலை கற்றேன். அந்தப் பட்டறையில் ஏர்கான் கிடையாது, சுவரில் மின்விசிறிதான். அன்றிரவு எழுத உட்கார்ந்தது இந்த மடல். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உயர்நிலைப்பள்ளியில் மதிப்பெண் குறைந்தவர்களைப் போட்ட வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவில் எங்களுக்கு அடிப்படைத் தமிழ்தான். இவ்வளவு நீளமாக எழுத யாரும் சொன்னதில்லை.

முதல் நன்றியை அப்பா சார்பில் சொல்லிவிடுகிறேன். அவர் தொடக்கப்பள்ளியைக்கூட முடிக்காதவர். செம்பவாங்கில் கப்பல் பட்டறை வெல்டர். 1983இல் தொழிற்பயிற்சி வாரியம், அப்பா வாயில் கடைசிவரை 'விஐடிபி', அவரைப் போன்ற தொழிலாளர்களுக்காக 'பெஸ்ட்' என்று ஒரு வகுப்பைத் தொடங்கியது. ஆங்கிலமும் கணக்கும். நான் அப்போது சின்னக் குழந்தை. பின்னக் கணக்கு பிடிபடாமல் ஒரு நாள் சமையலறை மேசையில் பென்சிலை ஒடித்துப் போட்டாராம். மறுநாள் அந்த ஒடிந்த பாதியையே சீவிக்கொண்டு வகுப்புக்குக் கிளம்பினாராம். அம்மா இதை நூறு தடவையாவது சொல்லியிருப்பார். பிற்பாடு வேலையிடத்துப் பாதுகாப்பு அறிவிப்புகளை அப்பா தானே வாசித்தார், பக்கத்தில் நின்றவர்களுக்கும் வாசித்துச் சொன்னார். நாளெல்லாம் வேலை பார்த்துவிட்டு வந்து கண்ணைச் சொருகிக்கொண்டிருந்த ஆண்களுக்கு முன்னால் நின்று பின்னம் சொல்லிக்கொடுத்த அந்த ஆசிரியர் யாரென்று எங்களுக்குத் தெரியாது. அவருக்கு எங்கள் குடும்பத்தின் நன்றி.

விஐடிபிக்கும் முந்தைய கதை ஒன்று உண்டு. 1960இல் வயது வந்தோர் கல்விக்கென்று ஒரு வாரியம், 1973இல் தொழில் பயிற்சிக்கென்று இன்னொன்று. 1979இல் இரண்டையும் சேர்த்ததுதான் விஐடிபி. அது 1992 ஏப்ரல் 1 அன்று தொழில்நுட்பக் கல்விக் கழகம் ஆனது. அதுவரை தொடக்கப்பள்ளியோடு நின்ற சின்னப் பிள்ளைகள்கூட நேராகத் தொழில் கற்க வந்துவிடுவார்கள். அப்புறம்தான், எல்லாப் பிள்ளைகளும் பத்தாண்டு பள்ளியில் இருந்துவிட்டு வரட்டும் என்று முடிவு செய்தார்கள். அதற்காக 1994இல் உயர்நிலைப்பள்ளிகளில் வழக்கநிலை தொழில்நுட்பப் பிரிவைத் தொடங்கினார்கள். அதில் போய் விழுந்த முதல் கூட்டத்தில் நானும் ஒருவன்.

'விழுந்த' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். ஐடிஇ என்ற மூன்று எழுத்தையும் ஆங்கிலத்தில் விரித்து 'இத்தோடு முடிந்தது' என்று கேலி செய்வார்கள். என் பதினாறு வயதுத் தீபாவளியில் உறவினர் ஒருவர் முறுக்கைக் கடித்துக்கொண்டே அதைச் சொன்னார். அவருக்கும் நன்றி என்று எழுதும் அளவுக்கு எனக்குப் பெருந்தன்மை இல்லை.

இனி பட்டறையில் எனக்குத் தொழில் கற்றுத்தந்த ஆசிரியரிடம் வருகிறேன். 'சிஃபூ' என்றுதான் கூப்பிடுவோம். சிஃபூ, உங்கள் பெயரை நாங்கள் யாரும் சொன்னதே இல்லை, இங்கேயும் எழுதவில்லை. ஏர்கானில் கேஸ் ஓடும் செம்புக் குழாயை இயந்திரத்தோடு இணைக்க அதன் வாயைப் புனல்போல விரிக்க வேண்டும். ஃபிளேர் அடிப்பது என்போம். குழாயை வெட்டி, உள்விளிம்பில் நிற்கும் பிசிறைச் சுரண்டி எடுத்து, கட்டையில் இறுக்கிப் பிடித்து, கூம்பைத் திருகி இறக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் விளிம்பு கீறும். கொஞ்சம் குறைந்தால் உட்காராது. பிசிறை விட்டுவிட்டால் ஆறு மாதம் கழித்து வாடிக்கையாளர் தொலைபேசியில் திட்டுவார். இதெல்லாம் ஒழுங்காகச் செய்துவிட்டுத்தான் நான் அந்த முட்டாள்தனத்தைச் செய்தேன். ஃபிளேர் அழகாக வந்துவிட்டது, ஆனால் நட்டை முதலிலேயே குழாயில் மாட்ட மறந்துபோனேன். விரிந்த வாய்க்கு மேல் நட்டு ஏறாது. வாயை வெட்டிப் போட்டுவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

ஒரே வாரத்தில் நாலு தடவை மறந்தேன். பள்ளியில் ஒரு கணக்கை இரண்டு தடவை தப்பாகப் போட்டாலே என்னைப் பின்வரிசைக்கு அனுப்பிப் பழக்கம். நீங்கள் வெட்டிப்போட்ட துண்டைத் தட்டில் போட்டுவிட்டு, "நட்டு எங்கே?" என்று மட்டும் கேட்டீர்கள். பிறகு புதுக் குழாயை நீட்டினீர்கள். நைட்ரஜன் ஏற்றிச் சோப்பு நுரை தடவிப் பார்க்கும் நாளில் என் இணைப்பில் குமிழி வரவில்லை. நீங்கள் இரண்டு நிமிடம் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தீர்கள், ஒன்றும் சொல்லாமல் அடுத்த பையனிடம் போய்விட்டீர்கள். என் வாழ்க்கையில் கிடைத்த பெரிய பாராட்டு அதுதான்.

செம்பு மலிவில்லை. சொந்தமாகக் கம்பெனி வைத்து, குழாய்க்குப் பணம் கட்ட ஆரம்பித்த பிறகுதான் அது உறைத்தது. நாங்கள் கற்றுக்கொள்வதற்காகக் கிலோக்கணக்கில் வீணாக்க விட்டிருக்கிறார்கள்! அது பொதுப்பணம். வரி கட்டிய எல்லாருக்கும் நன்றி.

பொருள் அறையில் இருந்த பாக்சிக் (மலாய் மொழியில் பெரியவரை அப்படித்தான் கூப்பிடுவோம்), உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். கழிவுத் தட்டிலிருந்து ஒரு துண்டை நான் பையில் போட்டதை நீங்கள் பார்த்துவிட்டீர்கள். மாட்டிக்கொண்டோம் என்று நின்றேன். வீட்டில் பழகத்தானே என்று கேட்டு, இன்னும் இரண்டு துண்டைப் பையில் வைத்தீர்கள்.

மற்றவர்களையும் மறக்கவில்லை. கையில் காசில்லாத நாளில் மீ கோரெங் நூடுல்ஸைக் கடனாகத் தந்த மலாய்க்கார அம்மா, மக்சிக். உயர்நிலைப்பள்ளியில் எனக்குத் துணைப்பாட வகுப்பு நடத்திய இந்தியர் சுயஉதவி அமைப்பு சிண்டா, அதற்காக மாதாமாதம் சம்பளத்தில் சிறு தொகை கொடுத்த முகம் தெரியாத தொழிலாளர்கள். வேலைப் பயிற்சிக்கு எடுத்துக்கொண்ட முதல் முதலாளி.

நேரில் பார்த்திராத ஒருவருக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். கழகத்தின் முதல் இயக்குநர் டாக்டர் லா சோங் செங். சிதறிக் கிடந்த வளாகங்களை மூன்று பெரிய கல்லூரிகளாகச் சேர்க்கும் வேலை அவர் காலத்தில்தான் தொடங்கியது. 2005இல் சீமெய், 2010இல் சுவா சூ காங், 2013இல் அங் மோ கியோ. அங் மோ கியோவில் பிள்ளைகள் பழகுவதற்கு ஒரு போயிங் 737 விமானமே நிற்கிறது. எங்களுக்குச் செம்புக் குழாய், இவர்களுக்கு விமானம்! 2007இல் ஹார்வர்டு பல்கலைக்கழகம் கழகத்துக்கு விருது கொடுத்தபோது, அந்தச் செய்தியை அம்மா கத்தரித்து, முறுக்கு உறவினர் வரும் தீபாவளிக்கு வரவேற்பறையில் ஒட்டி வைத்தார். அவர் பார்த்தாரா தெரியாது, பலகாரம் மட்டும் வழக்கம்போலச் சாப்பிட்டார்.

அக்கா மகனுக்கு மூன்றாண்டில் நேரடியாகவே கழகத்தின் மேல்நிலைச் சான்றிதழான உயர் நைட்டெக் கிடைக்குமாம். 2022இலிருந்து படிப்படியாக அப்படி மாற்றினார்கள். எங்கள் காலத்தில் என்டிசி என்ற பெயரில் சான்றிதழ். அதற்கு மேல் போக மதிப்பெண் வேண்டும், வயதும் கூடிக்கொண்டே போகும், பாதிப் பேர் வேலைக்குப் போய்விடுவோம். அவனுக்குப் பின்னால் வரும் பிள்ளைகளுக்கு விரைவுநிலை, வழக்கநிலை என்ற பிரிப்பே இருக்காது. 2024இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அதை எடுத்துவிட்டார்கள். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

இப்போது என் வேனில் இரண்டு ஐடிஇ பிள்ளைகள் பயிற்சிக்கு வருகிறார்கள். அன்று ஆர்-22 கேஸ், இன்று ஆர்-32. ஃபிளேர் அடிப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. ஒருவன் முந்தாநாள் நட்டை மாட்ட மறந்தான். அவனைத் திட்ட வாய் திறந்தேன். அப்புறம் "நட்டு எங்கே?" என்று மட்டும் கேட்டேன்.

பாக்சிக், அந்த மூன்று துண்டுகளின் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த மாதம் பதினைந்து மீட்டர் சுருள் ஒன்றை எடுத்துக்கொண்டு ஏர்கான் பட்டறைக்கு வருகிறேன். யாரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு உள்ளே வர வேண்டும் என்று மட்டும் அலுவலகத்தில் சொல்லிவிடுங்கள்.

நன்றியுடன்,
1998ஆம் ஆண்டு மாணவன், நட்டை மறந்தவன்