அந்த ஐந்து பார்வைகளுக்கு நன்றி

அன்புடையீர்,

விழுப்புரம் மாவட்டத்தில் என் தம்பியின் எடையைக் குறித்துக்கொண்ட செவிலியர் அக்காவுக்கும், அவர் அப்படிக் குறிக்க வேண்டும் என்று எங்கோ இருந்து முடிவு செய்தவர்களுக்கும் இந்த மடல். அக்காவைப் பார்த்திருக்கிறேன். மற்றவர்களைப் பார்த்ததில்லை.

செங்கல் சூளையில் வேலை செய்யும் தம்பி மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தான். மருந்துக்கடை டானிக்கிலேயே காலம் போனது. சளிப் பரிசோதனையில் காசநோய் என்று வந்த அன்று, மாத்திரையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாம் என்றுதான் நினைத்திருந்தோம். செவிலியர் விடவில்லை. எடை, உயரம் பார்த்தார். காலை அழுத்தி வீக்கம் இருக்கிறதா என்று பார்த்தார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு மூச்சை எண்ணினார், விரலில் ஆக்சிஜன் கருவியை மாட்டினார், எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கச் சொன்னார். எல்லாம் ஐந்து நிமிடம். நின்றான், மூச்சும் சீராகத்தான் இருந்தது. ஆனால் 165 சென்டிமீட்டர் உயரத்துக்கு 37 கிலோ. உயரத்துக்கேற்ற எடையைச் சொல்லும் பி.எம்.ஐ. கணக்கு 14-க்கும் கீழே போய்விட்டது. அது ஒன்றே போதும், மருத்துவமனையில் சேர வேண்டும் என்றார். “நடந்துதானே வந்தேன்” என்று தம்பி சண்டை போட்டான்.

முதல் நாளே இப்படிப் பார்க்கச் சொல்லும் அரசுத் திட்டத்தின் பெயர் ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’. அம்மாவின் காதில் ‘இறப்பு’ மட்டும்தான் விழுந்தது. அங்கேயே அழ ஆரம்பித்துவிட்டார். பெயர் வைத்தவர்களிடம் எனக்கு இருக்கும் ஒரே மனத்தாங்கல் இதுதான்.

பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன். காசநோயால் இறப்பவர்களில் பெரும்பாலோர் சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் இறந்துவிடுகிறார்கள். மாத்திரை வேலை செய்யும்வரை உடம்பு தாங்குவதில்லை. அப்படிப்பட்டவர்களை முதல் நாளே அடையாளம் காண, சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் ஆய்வாளர்களும் மாநில காசநோய்ப் பிரிவு அதிகாரிகளும் சேர்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். புது மருந்தோ பெரிய இயந்திரமோ அவர்கள் கேட்கவில்லை. டாக்டர் வரும்வரை காத்திராமல் ஊழியர்களே பார்த்துவிடக்கூடிய அந்த ஐந்து பார்வைகளை மட்டும் ஒரு தாளில் வைத்தார்கள். ஒரு வட்டாரத்தில் செய்து பார்த்து அறிக்கையை அலமாரியில் வைத்துவிடவும் இல்லை. 2022-இல் சென்னை நீங்கலாக மாநிலம் முழுவதும் அது நடைமுறைக்கு வந்தது. ஆய்வாளர் கையில் ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் இல்லை. அதிகாரிக்கு உட்கார்ந்து இறப்புக் கணக்கை அலச நேரம் இல்லை. இருவரில் ஒருவர் “அது என் வேலையல்ல” என்றிருந்தால் தம்பி அன்று மாத்திரையோடு பஸ் ஏறியிருப்பான்.

எங்கள் பாட்டி காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம், அதாவது நோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் மருத்துவமனை என்றுதான் பேச்சு. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் வேதிச்சிகிச்சை மையம்தான், மாத்திரையை ஒழுங்காகக் கொடுத்தால் வீட்டிலேயே குணமாக்கலாம் என்று 1959-இல் உலகத்துக்குக் காட்டியது. அதிலும் அரசும் ஆய்வாளர்களும் கூட்டாகவே வேலை செய்தார்கள். அதே சென்னையிலிருந்து இப்போது, வீட்டுக்கு அனுப்பக் கூடாதவர் யார் என்று பிரித்துச் சொல்கிறார்கள். முன்னதற்கு இது மறுப்பல்ல, அதன் மிச்ச வேலை என்றே எனக்குப் படுகிறது.

வார்டு மருத்துவர்களுக்குத் தனியாக ஒரு நன்றி. அம்மா தூக்குவாளி நிறைய ஆட்டுக்கறிக் குழம்பு கொண்டுவந்தபோது தடுத்தீர்கள். வற்றிப்போன உடம்பில் ஒரேயடியாகச் சோற்றைத் திணித்தால் அதுவே ஆபத்து என்று பொறுமையாக விளக்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கஞ்சியில் தொடங்கினீர்கள். அம்மா இரண்டு நாள் உங்களோடு பேசவில்லை. அதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஆறு மாத மாத்திரை முடிந்து, தம்பி இப்போது 49 கிலோ. இந்த மடலைப் படித்துக் காட்டியபோது ஒரு திருத்தம் சொன்னான். முதல் நாள் எடை பார்த்தபோது அவன் சட்டைப்பையில் சூளையின் சாவிக்கொத்தும் செல்போனும் இருந்தனவாம், 37 என்று எழுதக் கூடாதாம். அவற்றைக் கழித்தால் எடை இன்னும் குறையும் என்று நான் அவனிடம் சொல்லவில்லை.

நன்றியுடன்,
ஓர் அக்கா