செயலாளரின் ஆண்டறிக்கை: பனிப்பாளத்தின் அடியிலும் மழைநீரின் அடியிலும் புல்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மைதானப் புல்தரைப் பராமரிப்பாளர்களாகிய உறுப்பினர்களே, வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன; வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கனடாவில் கோல்ஃப் மைதானமொன்றில் பணிபுரியும் நம் முன்னாள் உறுப்பினர், விடுப்பில் வந்தபோது குளிர்காலப் புல் பாதுகாப்பைப் பற்றி ஆற்றிய உரையே இவ்வாண்டு நம்மை அதிகம் விவாதிக்க வைத்தது. சென்னைக்கு இது எதற்கு என்று மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார். தொடக்கத்தில் என் எண்ணமும் அதுவே.

வெண்பனி புல்லுக்குப் பகையன்று, கம்பளியைப் போல் கடுங்குளிரைத் தடுப்பது என்று அவர் விளக்கினார். உருகிய நீர் வடியாமல் தேங்கி, மீண்டும் உறைந்து பாளமாகும்போதுதான் கேடு தொடங்குகிறது. பாளத்தின் அடியில் உயிர்வாயு தீர்ந்துபோக, புல்லும் மண்ணின் நுண்ணுயிர்களும் வெளியிடும் வாயுக்கள் வெளியேற வழியின்றி அடைபட, புல் மூச்சுமுட்டிச் சாகிறது. போவா அனுவா என்னும் புல் சுமார் 60 நாளில் மடியத் தொடங்கும். பென்ட் புல்லோ 90 நாளைக் கடந்தும் பிழைக்கக்கூடியது. ஆகவே குளிருக்கு முன்பே கிரீன்களின் (பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்தரைகளின்) ஓரங்களில் நீர் வழிந்தோட வாய்க்கால் வெட்டுகிறார்கள், பனிப்பூஞ்சைக்கு மருந்து தெளிக்கிறார்கள். பாளம் படிந்துவிட்டால் வெயிலின் சூட்டை ஈர்க்கும் கருமணலைத் தூவி உருக்குகிறார்கள். (நமக்கு ஆற்றுமணல் கிடைப்பதே பெரும்பாடு.) குளிர் முடியும் தறுவாயில் உருகுநீரை உறிஞ்சிய புல்லின் அடிக்குருத்து, திடீரென மீண்டும் உறைந்தால் சிதைந்துவிடும் என்பதால், அந்நீரை அன்றன்றே வடித்துவிடுகிறார்கள்.

நாம் வளர்க்கும் பெர்முடா, அருகம்புல்லேயன்றி வேறில்லை. அது வெள்ளத்தை ஓரளவு தாங்கும். எனினும் நம் ஊர் வெப்பத்தில் வேர்கள் வேகமாகச் சுவாசிப்பதால், பனிப்பாளம் வாரக்கணக்கில் செய்வதைத் தேங்கிய நீர் நாட்கணக்கில் செய்துவிடுகிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது நான் பணிபுரிந்த மைதானத்தில், வாடகைக்குச் சொல்லியிருந்த நீரிறைக்கும் மோட்டார் உரிய நேரத்தில் வந்து சேரவில்லை. நீர் இறங்கிய பிறகு வண்டல் படிந்த பள்ளங்களில் மட்டும் புல் பழுத்துக் கிடந்தது. அன்று நாங்கள் பூச்சியென்று எண்ணி மருந்தடித்தோம்.

எனவே வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பர் இறுதிக்குள், வடிகால்களைத் தூர்வாரி, தரையில் துளையிட்டு மணல் நிரப்பும் பணிகளை முடிப்பதென்று செயற்குழு தீர்மானித்துள்ளது. உறுப்பினர்கள் பொதுவில் பயன்படுத்தத் துளையிடும் இயந்திரம் ஒன்றைச் சங்க நிதியிலிருந்து வாங்குவதற்குப் பேரவையின் ஒப்புதலைக் கோருகிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்