வார்டோவில் எங்களைக் கரைசேர்த்தவர்களுக்கு

அன்புள்ள வார்டோ மக்களுக்கு, அதிலும் துறைமுகத்துக்குப் பின்தெருவில் இருப்பவர்களுக்கு,

வணக்கம். கடலில் எங்களுக்கு உதவியதற்கு நன்றி சொல்லும் கடிதம் இது. உங்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது. உங்கள் தெருவில் இருக்கும் என் நண்பன் வாசித்து நோர்வேஜியனில் சொல்லுவான். தன்னைப் பற்றிய பகுதி வந்தால் மட்டும் நைசாகத் தாண்டிப் போய்விடுவான். அவனை எனக்குத் தெரியும். அதனால்தான் தனிக்கடிதமாக அனுப்பாமல் எல்லோரும் பார்க்கிறமாதிரி எழுதுகிறேன். அங்கே இருக்கும் மற்றத் தமிழ் ஆட்கள் யாராவது, அவன் விட்ட இடங்களை நிரப்பிச் சொல்லுங்கள்.

ஊரைத் தெரியாதவர்களுக்காக ஒரு சிறு குறிப்பு. வார்டோ நோர்வேயின் கிழக்கு நுனி. வடக்கே 70 பாகையைத் தாண்டியது, கிழக்கே இஸ்தான்புலையும் தாண்டியது. கிரீட் தீவு வரை போகும் ஈ75 நெடுஞ்சாலையின் வடக்கு முனை இதுதான். ஊர் ஒரு தீவு. காரில் வந்தால் 1982இல் திறந்த கடலடிச் சுரங்கப்பாதை வழியாகத்தான் உள்ளே வரவேண்டும், நோர்வேயில் அப்படி வந்த முதல் சுரங்கம் அது. நான் கிர்க்கெனெசில் விமானத்தால் இறங்கி, வாரங்கர் குடாவைச் சுற்றிக் காரில் வந்தேன். வரவர மரங்கள் குட்டையாகி, ஒரு கட்டத்துக்குப் பிறகு மரமே இல்லை. கல், பாசி, கடல், காற்று. இந்த ஊரில் போய் இவன் எப்படி இவ்வளவு காலம் இருக்கிறான் என்று ஒஸ்லோவில் எல்லோரும் கேட்பார்கள். நானும் கேட்டவன்தான். இப்போது கேட்பதில்லை.

1980களின் கடைசியில் இலங்கையிலிருந்து நோர்வேக்கு வந்த எங்கள் ஆட்கள் பலர் முதலில் வேலை கண்டது இந்த வடக்குக் கரையில்தான். மீன் தொழிற்சாலைகளுக்குக் கை தேவைப்பட்டது, வந்தவர்களுக்குச் சம்பளம் தேவைப்பட்டது. பிறகு தொழிற்சாலைகள் மூடத் தொடங்க, பிள்ளைகள் வளர, கனபேர் தெற்கே இறங்கிவிட்டார்கள். இவன் மட்டும் அசையவில்லை. இருபது வருடத்துக்கு மேல் மீன் வெட்டினான், அந்த இடம் மூடியதும் முதியோர் இல்லத்தில் வேலை எடுத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டான்.

பகிடி என்னவென்றால், இவ்வளவு காலத்தில் அவன் ஒருநாள்கூடக் கடலில் மீன் பிடித்ததில்லை. காரைநகர்க்காரன். 1960களின் பிற்பகுதியில் அந்தோனி இராசேந்திரம் நோர்வேஜியரின் உதவியோடு தொடங்கிய சீநோர் என்ற மீன்பிடி நிறுவனம் அங்கே கட்டிய வள்ளத்தில்தான் அவனுடைய அப்பா தொழிலுக்குப் போனவர். மகனை மட்டும் படி படி என்று கரையிலேயே நிறுத்திவிட்டார். வார்டோவில் அவனுக்குக் கிடைத்தது ஒளிமேசை. கண்ணாடிக்குக் கீழிருந்து வெளிச்சம் வரும், மீன் துண்டை மேலே வைத்தால் முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும், கத்தி நுனியால் கிள்ளி எடுக்கவேண்டும். தலையும் வாலும் போன பிறகுதான் மீன் அவன் கைக்கு வரும். “ஒருக்கால் முழு மீனாகப் பிடித்துப் பார்க்கவேண்டும், நீ வந்தால் போவோம்” என்று போன மாரியில் தொலைபேசியில் சொன்னான். ஆனியில் போனேன்.

சரி, நன்றிக்கு வருகிறேன்.

முதல் நன்றி வள்ளம் தந்த ஐயாவுக்கு. ஓய்வுபெற்ற கடற்றொழிலாளர், நண்பனின் பக்கத்து வீடு. வள்ளத்தைக் கேட்டதும் தலையை ஆட்டினார், அவ்வளவுதான். நாங்கள் ஓம் என்று எடுத்துக்கொண்டோம். ஆனால் திறப்பு கைக்கு வரவில்லை. வந்த அன்று காற்று வடகிழக்கு என்றார். அடுத்த நாள் காற்றே இல்லை, ஆனாலும் பழைய அலை இன்னும் படுக்கவில்லை என்றார். அதற்குப் பிறகு எங்களைத் துறைமுகத்துக்குள் மட்டும் சுற்றி ஓடச் சொல்லிவிட்டு, அலைதடுப்புச் சுவரில் ஏறி நின்று பார்த்தார். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான், ஒத்துக்கொள்கிறேன். சின்னப் பிள்ளைக்குச் சைக்கிள் பழக்குவதுபோல இருந்தது. பிறகு நடந்ததை யோசித்தால் அந்த எரிச்சலுக்கு இடமில்லை.

அவருடைய வள்ளத்தின் விளிம்பில் உள்பக்கமாகச் சிவப்பு மையால் கோடுகள் போட்டிருக்கிறார். 44 இல் ஒன்று, 84 இல் ஒன்று. இந்த வடக்குக் கடலில் கொட் மீன், அதுதான் நாங்கள் தொஸ்க் என்று சொல்வது, 44 சென்ரிமீற்றருக்குக் குறைந்தால் திரும்பக் கடலுக்கு விடவேண்டும். ஹலிபட் 84. இரண்டு மீற்றருக்கு மேற்பட்ட ஹலிபட்டையும் விட்டுவிடவேண்டும், முட்டையிடும் பெரிய தாய் மீன்கள் அவை. நோர்வேயில் கடலில் தூண்டில் போட யாருக்கும் அனுமதிச் சீட்டோ காசோ தேவையில்லை. அதனால்தானோ என்னவோ, இந்த அளவு விடயத்தில் அந்த ஐயா ஒரு மில்லிமீற்றரும் விட்டுக்கொடுக்கமாட்டார். எங்களுக்கு ஒரு ஹலிபட் மாட்டியது. கோட்டில் கிடத்திப் பார்த்தால் நான்கு விரல் குறைவு. கரையில் நின்றவருக்குத் தெரியவா போகிறது? ஆனாலும் நண்பன் ஒரு வார்த்தை பேசாமல் கொக்கியைக் கழற்றி விட்டான். சாயங்காலம் அதைக் கேட்டபோதுதான் ஐயா முதல்முறையாகச் சிரித்தார்.

இரண்டாவது நன்றி கையுறை தந்த அம்மாவுக்கு. நண்பனோடு ஒரே மேசையில் மீன் வெட்டியவர். ஆனி மாதம் என்று நம்பி நான் கொண்டுபோன ஒஸ்லோ கையுறையைப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் வீட்டுக்குப் போய் ஒரு சோடி கம்பளிக் கையுறை கொண்டுவந்தார். தடிப்பானது, என் கைக்கு ஒன்றரை மடங்கு பெரியது, பழைய மீன் வாடை வேறு. கடலில் தோய்த்து, பிழிந்து, பிறகு போடு என்றார். ஐந்து பாகை தண்ணீரில் தோய்த்த கம்பளியையா போடுவது என்று நினைத்தேன். போட்டுப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளே சூடு பிடித்துவிட்டது. நனைந்த கம்பளி இறுகிக் காற்றை உள்ளே விடாது. முந்திய காலத்தில் இங்கே தொழிலுக்குப் போனவர்கள் எல்லோரும் இப்படித்தானாம். அந்தக் கையுறையை இன்னும் திருப்பி அனுப்பவில்லை அம்மா. கேட்டால் அனுப்புவேன். கேட்காமல் இருந்தால் நல்லது.

இரவுதான் வெளிக்கிட்டோம், இரவென்று கடிகாரம்தான் சொன்னது. சூரியன் வடக்கே கடலுக்கு மேல் சும்மா நின்றது. வார்டோ இவ்வளவு கிழக்கே இருந்தும் ஒஸ்லோ நேரத்தையே பாவிப்பதால் கோடையில் சூரியன் ஆகத் தாழ்வது கிட்டத்தட்டச் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு. ஒஸ்லோவில் அதற்கு ஒன்றேகால் மணி ஆகும். ஹோர்னோயா தீவின் பாறையைச் சுற்றி ஆயிரக்கணக்கில் கடற்பறவைகள், சத்தம் காதை அடைக்கிறது, வாடை அதைவிட. அதைத் தாண்டி ஐயா சொன்ன இடத்தில் நின்று தூண்டிலை இறக்கினோம். இரும்புத் தூண்டில், அதற்கு மேலே சிவப்பு ரப்பர் புழு. நிலம் தட்டியதும் இரண்டு பாகம், அதாவது இரண்டுதரம் கை விரித்த நீளம், தூக்கி, மெல்ல ஏற்றி இறக்க வேண்டும்.

நண்பனுக்குத்தான் முதல் மீன். மேலே வந்ததும் அவன் கத்தவில்லை, படம் எடுக்கச் சொல்லவில்லை. மீனை மடியில் வைத்துக்கொண்டு முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். கொட் மீனின் கீழ்த்தாடையில் ஒற்றைத் தாடி மயிர் ஒன்று தொங்கும், நிலத்தைத் தடவி இரை தேட. அதை விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். “இப்படி ஒன்று இருக்குதென்று தெரியும், இண்டைக்குத்தான் தொடுறன்” என்றான். அப்புறம் ஐயா பழக்கியபடி தொண்டையில் கத்தியை வைத்து இரத்தம் வடியவிட்டு, கடல்தண்ணீர் வாளிக்குள் போட்டான். உடனே இரத்தம் போனால்தான் தசை வெள்ளையாக இருக்கும். அந்த வேலையில் அவன் கை ஒருதரம்கூடத் தடுமாறவில்லை. கத்தி அவனுக்குப் புதிதில்லையே.

மீன் தாராளமாகக் கிடைத்தது, அதை நீட்டவில்லை. திரும்பும் நேரத்தில் பனிமூட்டம் இறங்கியது. கோடையில் நிலத்துக் காற்று வெதுவெதுப்பாகக் குளிர்ந்த கடலுக்கு மேல் வந்தால் இங்கே இப்படி ஆகும். பத்து நிமிடத்தில் தீவு காணாமல் போனது, பறவைச் சத்தம் மட்டும் எங்கோ இருந்தது. மெதுவாக ஓட்டிக்கொண்டு வரும்போது இயந்திரம் ஒருதரம் உறுமி நின்றுவிட்டது. தண்ணீருக்குள் மிதந்து வந்த யாருடையதோ அறுந்த கயிறு, வள்ளத்தைத் தள்ளும் காற்றாடியில் சுற்றிக்கொண்டது. பின்பக்கம் குனிந்து பார்த்தால் நீலக் கயிறு, கையால் அசைக்க முடியவில்லை. நீரோட்டம் எங்களைப் பாறைப் பக்கம் மெல்ல இழுத்துக்கொண்டிருந்தது.

அலைதடுப்புச் சுவருக்குள் சுற்றிய நாளில் ஐயா எங்களுக்கு வானொலிக் கருவியையும் பழக்கியிருந்தார். 16ஆம் அலைவரிசையில் கூப்பிட்டோம். கடலோர வானொலி, கிஸ்த்ரேடியோ நூர், உடனே பதில் தந்தது. பதில் சொன்ன பெண்ணுக்கு என் மூன்றாவது நன்றி. எங்கே நிற்கிறீர்கள், எத்தனை பேர், பாதுகாப்பு உடை போட்டிருக்கிறீர்களா, யாருக்காவது குளிர்கிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நங்கூரம் இருக்கிறதா என்று கேட்ட பிறகுதான் எங்களுக்கே நங்கூரம் ஞாபகம் வந்தது. போட்டோம், பிடித்துக்கொண்டது. பிறகு பக்கத்தில் இருக்கும் படகுகளைக் கூப்பிட்டுவிட்டு, சும்மா இருக்கிற நேரத்திலும் இடைக்கிடை எங்களைக் கூப்பிட்டு “எல்லாம் சரிதானே” என்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரலில் ஒரு அவசரமும் இல்லை. என் நெஞ்சிடிப்பு இறங்கியது அதனால்தான்.

நான்காவது நன்றி, மூட்டத்துக்குள்ளிருந்து வந்த சிறிய மீன்பிடிப் படகின் சொந்தக்காரருக்கு. தனி ஆள். இரவு முழுக்கத் தொழில் செய்துவிட்டு மீனை இறக்க வந்துகொண்டிருந்தவர். வழியை விட்டு எங்களிடம் திரும்பினார். பக்கத்தில் வந்ததும் முதலில் எங்களுக்கு எறிந்தது கயிறு இல்லை, ஒரு பையில் சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல், உள்ளே கோப்பி. பிறகு கயிறு. துறைமுகம் வரை இழுத்துவந்து கட்டிவிட்டு, எங்கள் வாளியை எட்டிப் பார்த்து, “மோசமில்லை” என்றார். வடக்கில் அது பெரிய பாராட்டு. செலவு எவ்வளவு என்று கேட்க வாய் திறப்பதற்குள் போய்விட்டார். உங்கள் மீன் அன்று தாமதமாகத்தான் இறங்கியிருக்கும். மன்னிக்கவேண்டும், மிக்க நன்றி.

காற்றாடியிலிருந்து கயிற்றை எடுத்த கதை தனிக்கதை. ஐயா வள்ளத்தைப் பழைய இறங்குதுறைக்குப் பக்கத்தில் ஆழம் குறைந்த இடத்தில் கட்டச் சொன்னார். வார்டோவில் வற்று நீருக்கும் பெருக்கு நீருக்கும் ஒரு ஆள் உயரத்துக்கு மேல் வித்தியாசம் வரும். நீர் வற்ற வள்ளம் தானாக மண்ணில் இருந்துவிட்டது. கயிறு உராய்வில் உருகி அச்சாணியைச் சுற்றிக் கல்லாக இறுகியிருந்தது. தெருவில் போய்க்கொண்டிருந்த இரண்டு பொடியன்கள் கேட்காமலே இறங்கி, முழங்கால் சேற்றில் நின்று, பாண் வெட்டும் கத்தியால் அரிந்து அரிந்து எடுத்தார்கள். தம்பிமாரே, உங்கள் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. அந்தக் கத்தி யாருடைய வீட்டுக் கத்தி, அது என்ன ஆனது என்பதும் தெரியாது.

அன்று மத்தியானம் மீன் வெட்டும்போது நடந்த ஒன்றையும் சொல்லவேண்டும். நாங்கள் வருவதற்கு முன்பே ஐயா இரண்டு வாளி எடுத்து வைத்திருந்தார். ஒன்றில் குடல், மற்றதில் தலை. கேட்டதற்கு, தமிழ் ஆட்கள் தலையை எறியமாட்டார்கள் என்று இந்தத் தெருவுக்கே தெரியும் என்றார். நண்பனின் மனைவி, என் தங்கச்சி மாதிரி, பழப்புளி விட்டுத் தலைக்குழம்பு வைத்தா. ஒஸ்லோவில் உறைந்த மீனை வாங்கி நாங்கள் வைப்பதெல்லாம் குழம்பா என்று கேட்கத் தோன்றியது. தங்கச்சி, நன்றி, அடுத்தமுறை கறித்தூள் நான் கொண்டுவருகிறேன், உன் டப்பா அடி தெரிந்ததைப் பார்த்தேன்.

இனி அவன் தாண்டிப் போகப்போகும் பகுதி. டேய், வானொலியில் கூப்பிட்டது நீ. வயலில் நிற்பவனைக் கூப்பிடும் குரலில், பதறாமல், சுத்தமான வடக்கு நோர்வேஜியனில். நான் கூப்பிட்டிருந்தால் தமிழும் நோர்வேஜியனும் கலந்து கத்தியிருப்பேன். படகு வரும்வரை என்னைக் கதைத்துக் கதைத்து வைத்திருந்ததும் நீதான். உனக்கும் பயம் என்று எனக்குத் தெரியும், துடைத்த கத்தியையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தாய். இந்தத் தெரு உனக்காகத்தான் எனக்கும் இவ்வளவு செய்தது. ஐயா வள்ளத்தைத் தந்தது ஒஸ்லோவிலிருந்து வந்த எனக்கில்லை, முதியோர் இல்லத்தில் அவருடைய தமக்கையைக் குளிப்பாட்டிய உனக்கு. இதை அவரே என்னிடம் சொன்னார். நீ ஒருநாளும் சொல்லவில்லை.

கடைசியாக ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம். எரிபொருள் காசையும் காற்றாடிச் செலவையும் நீங்கள் வாங்க மறுத்துவிட்டீர்கள். நான் அதை ஒரு உறையில் போட்டு நண்பனிடம் கொடுத்திருக்கிறேன். அவன் மூன்று தரம் கதவைத் தட்டியும் நீங்கள் யன்னலால் பார்த்துவிட்டுத் திறக்கவில்லையாம். தயவுசெய்து திறவுங்கள். திறக்காவிட்டால் நானே வந்து தட்டுவேன், அப்படி வந்தால் வள்ளத்தையும் கேட்பேன்.

அன்புடன்,
ஒஸ்லோவிலிருந்து, பெரிய கையுறைக்காரன்